12 நிறங்கள், இரண்டு காலி டியூப்கள்: வண்ணம் பிரிக்கும் விளையாட்டில் ஒரு கடினமான லெவல்

வண்ண நீரை டியூப் டியூப்பாகப் பிரித்து அடுக்கும் கைப்பேசி விளையாட்டை நீண்ட காலமாக விளையாடி வருகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியின் ஷேடு, ஒப்புதல் பெற்ற மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. பகல் முழுவதும் நிறம் பார்த்துவிட்டு அவிநாசி பேருந்தில் ஏறியதும் மறுபடியும் நிறத்தையே பார்ப்பது வீட்டில் உள்ளவர்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்தாலும், வேலையில் இல்லாத ஒரு வசதி இந்த விளையாட்டில் இருக்கிறது: இங்கே தவறாக ஊற்றினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதே வகையில் பல ஆப்கள் கிடைக்கின்றன. பெயரும் லெவல் எண்ணும் ஆப்புக்கு ஆப் மாறும் என்பதால், லெவலின் அமைப்பை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

விதிகள் எளிமையானவை. ஒரு டியூப்பில் நான்கு அடுக்குகள் கொள்ளும். ஒவ்வொரு நிறமும் சரியாக நான்கு அடுக்குகள் இருக்கும். ஒரு டியூப்பின் உச்சியில் உள்ள நிறத்தை, அதே நிறம் உச்சியில் இருந்து மேலே இடமும் உள்ள டியூப்பிலோ, காலி டியூப்பிலோ மட்டுமே ஊற்ற முடியும். தொடக்க லெவல்களை யோசிக்காமலே முடித்துவிடலாம். 12 நிறங்கள், நிரம்பிய 12 டியூப்கள், காலி டியூப்கள் இரண்டு என்ற நிலைக்கு வந்தபின் அந்த வேகம் செல்லுபடியாகாது. அப்படிப்பட்ட லெவல்களிலும் ஒன்று என்னை வெகுநாள் நிறுத்தி வைத்தது. அதைக் கடந்தபோது கிடைத்த முறைதான் இன்றுவரை எனக்குப் பயன்படுகிறது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது காலியிடத்தின் கணக்கு. இரண்டு காலி டியூப்கள் என்றால் எட்டு அடுக்குகளுக்கான இடம். நாம் எப்படி ஊற்றினாலும் இந்த எட்டு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஓரிடத்தில் நிரம்பியது இன்னோரிடத்தில் காலியாகிவிடுகிறது. ஆட்டம் நின்றுபோவதற்குக் காரணம் இடம் தீர்ந்துபோவது அல்ல, அது துண்டு துண்டாகச் சிதறிப்போவதுதான். எட்டு சென்ட் நிலம் ஒரே துண்டாக இருந்தால் வீடு கட்டலாம், எட்டு இடங்களில் ஒவ்வொரு சென்ட்டாகக் கிடந்தால் மாட்டைக் கட்டவும் காணாது. ஆகவே ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் 'எந்த நிறம் சேர்கிறது' என்பதோடு 'காலியிடம் சேர்கிறதா, சிதறுகிறதா' என்றும் பார்க்க வேண்டும். ஒரு நிறம் முழுமையாக முடிந்தால் எட்டு அப்படியே இருக்க, பிரிக்க வேண்டிய நிறம் ஒன்று குறைகிறது. பாதிக்கு மேல் சென்ற லெவல் தானாகவே எளிதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். கடினம் முழுவதும் முதல் இரண்டு மூன்று நிறங்களை முடிப்பதில்தான் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் டியூப்களின் உச்சியைப் பார்த்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். மூன்று டியூப்களின் உச்சியில் ஒரே நிறம் தெரிந்தால் உடனே அதைக் காலி டியூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரே டியூப்பைச் செலவழித்து மூன்று டியூப்களின் அடுத்த அடுக்கைத் திறந்ததால் இது இலாபமாகத் தெரியும். ஆனால் அந்த நிறத்தின் நான்காவது அடுக்கு வேறொரு டியூப்பின் அடியில் கிடந்தால், அதன் மேலுள்ள மூன்று அடுக்குகளும் நகரும் வரை நம் காலி டியூப் முடங்கிவிடுகிறது. நான் அடியிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன்.

12 டியூப்களுக்கு 12 அடிகள், நிறங்களும் 12. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அடியில் இருந்தால், அந்தந்த நிறம் கடைசியில் அந்தந்த டியூப்பிலேயே நிறைந்துவிட முடியும். ஆனால் ஒரு நிறம் இரண்டு அடிகளில் இருந்தால், வேறு ஏதோ ஒரு நிறம் எந்த அடியிலும் இருக்க முடியாது. அடி இல்லாத அந்த நிறத்திற்குச் சொந்த டியூப் கிடையாது. அது எப்படியும் ஒரு காலி டியூப்பில்தான் குடியேற வேண்டும். எனவே முதல் காலி டியூப்பை அதற்குக் கொடுப்பது பெரும்பாலும் வீணாவதில்லை. இரண்டு அடிகள் உள்ள நிறமோ நமக்குச் சேமிப்பு: அந்த இரண்டு அடிகளும் வெளியே தெரிந்துவிட்டால், ஒன்றை மற்றொன்றில் ஊற்றி ஒரு டியூப்பை முழுமையாகத் திரும்பப் பெறலாம்.

என்னை நிறுத்திய லெவலில் ஊதா இரண்டு அடிகளில் இருந்தது. ஆரஞ்சு எந்த அடியிலும் இல்லை. ஆரஞ்சின் இரண்டு அடுக்குகள் உச்சியில் தெரிந்தன. மூன்றாவது ஒரு சிவப்பின் கீழ் இருந்தது, நான்காவது இன்னும் ஆழத்தில். முக்கியமான நான்கு டியூப்களை அடியிலிருந்து மேலாகச் சொல்கிறேன். முதலாவதில் நீலம், சிவப்பு, ஆரஞ்சு, சிவப்பு. இரண்டாவதில் பச்சை, பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. மூன்றாவதின் உச்சியில் ஆரஞ்சு, அதன் கீழே இளஞ்சிவப்பு. நான்காவதில் சாம்பல், பச்சை, பச்சை, மஞ்சள்.

உச்சியில் உள்ள இரண்டு ஆரஞ்சுகளையும் ஒரு காலி டியூப்பில் ஊற்றினேன். உடனே இரண்டாவது டியூப்பின் இளஞ்சிவப்பு மூன்றாவது டியூப்பின் இளஞ்சிவப்பின் மேல் ஏறிக்கொண்டது. மூன்றாவது மறுபடி நிரம்பிவிட, இரண்டாவதில் இரண்டு பச்சைகள் மட்டும் எஞ்சின. முதல் டியூப்பின் சிவப்பை மீதமிருந்த காலி டியூப்பில் விட்டு, அதன் கீழிருந்த ஆரஞ்சை அதன் கூட்டத்தோடு சேர்த்தேன். இப்போதைய கணக்கு: ஆரஞ்சு டியூப்பில் ஓரிடம், ஒற்றைச் சிவப்பு உள்ள டியூப்பில் மூன்று, நீலமும் சிவப்பும் உள்ள முதல் டியூப்பில் இரண்டு, பச்சை டியூப்பில் இரண்டு, மொத்தம் எட்டு. முழுதாகக் காலியான டியூப் ஒன்றும் இல்லை. மற்ற டியூப்களின் உச்சியில் நீலம், சிவப்பு, பச்சை, ஆரஞ்சு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் கை தானாகச் செய்ய நினைப்பது ஒன்று உண்டு. முதல் டியூப்பின் சிவப்பை எடுத்து ஒற்றைச் சிவப்போடு சேர்த்தால், சிவப்பு இரண்டாகும், நீலமும் தன் அடியில் தனியாகத் தெரியும். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் நான்காவது டியூப்பின் மஞ்சளை எங்கும் வைக்க முடியாது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: தனி டியூப்பில் விட்ட சிவப்பை எடுத்து, நீலத்தின் மேலுள்ள சிவப்பின் மேலேயே திரும்ப ஊற்ற வேண்டும். நீலம் மூடியே கிடக்கிறது, எதுவும் பிரிந்ததுபோலத் தெரியாது. ஆனால் ஒரு டியூப் முழுதாகக் காலியாகிவிட்டது. அதில் மஞ்சளை ஊற்றியதும் நான்காவது டியூப்பின் இரண்டு பச்சைகளும் வெளிவந்து, காத்திருக்கும் இரண்டு பச்சைகளோடு சேர்ந்து முதல் நிறம் முடிந்தது. சாம்பலும் தன் அடியில் தனியாக நின்றது. அங்கிருந்து அந்த லெவல் பெரிதாகச் சண்டை போடவில்லை.

அதாவது, பாதி நிரம்பிய டியூப்பும் ஓர் இடம்தான். இறுதியில் ஒரு நிறம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இப்போதும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காலி டியூப்பை மீட்பதற்காக ஒரு நிறத்தைத் தவறான அடியின் மேல் தற்காலிகமாக உட்கார வைக்கலாம். நிறத்தைச் சேர்ப்பதா, டியூப்பை மீட்பதா என்ற கேள்வி வரும்போது, தொடக்கத்தில் டியூப்பை மீட்பதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். சிவப்பு இரண்டும் நீலத்தின் மேல் இருக்கும் நிலையிலிருந்து, வேண்டும்போது காலி டியூப்பைக் கொடுத்து மற்ற நிலைக்கு வந்துவிட முடியும். ஆனால் நீலத்தைத் திறந்துவிட்ட பிறகு, சிவப்பை அதன் மேல் மறுபடி வைக்க விதி இடம் தராது. ஒரு புதிய நிறத்தை வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு ஊற்றலும் இப்படித் திரும்ப முடியாத ஊற்றல்தான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே நிறம் மட்டும் உள்ள டியூப்பில் கடைசி அடுக்கு சேர்ந்து நான்கும் நிறையப் போகிறது என்றால் தயங்க வேண்டியதே இல்லை. அந்த நிறத்தின் மீதி, வேறொரு நிறத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் டியூப்பில் நான்கையும் கொள்ள இடம் இருக்காது. ஆகவே எதிர்த்திசையில் ஊற்றி டியூப்பை மீட்கும் வாய்ப்பு அங்கே இல்லவே இல்லை. நிறைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

பாதி மட்டும் ஊற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சியில் மூன்று அடுக்கு ஒரே நிறம் இருந்து, சேர வேண்டிய டியூப்பில் ஓரிடம் மட்டும் இருந்தால், நான் விளையாடும் ஆப்பில் ஓர் அடுக்கு மட்டும் போய் இரண்டு நின்றுவிடுகிறது. இதனால் புதிதாக எதுவும் திறப்பதில்லை, காலியிடம் மட்டும் ஒரு டியூப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. அரிதாகவே பயன்படும்.

தண்ணீருக்குப் பதிலாகப் பந்துகள் உள்ள வகையும் உண்டு. அதில் ஒரு முறைக்கு ஒரு பந்துதான் நகரும். அது வேறு விளையாட்டு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2022இல் ஜப்பானைச் சேர்ந்த கணினியியல் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் ஆராய்ந்து, ஒரே தொடக்க அமைப்பு பந்து வகையில் தீருமானால் நீர் வகையிலும் தீரும், ஒன்றில் தீராதது மற்றதிலும் தீராது என்று காட்டியிருக்கிறார்கள். ஓர் அமைப்புக்குத் தீர்வு உண்டா என்று கண்டறிவது, பொதுவான வடிவில், எல்லா நேரத்திலும் விரைவாக விடை தரும் வழி இதுவரை யாருக்கும் கிடைக்காத கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்பதும் அவர்கள் நிறுவியதுதான். ஒரு லெவலில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

மாட்டிக்கொண்டபின் என்ன செய்வது என்பதில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. செக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு தம்பி, "எதுக்குங்க்கா இப்படி மண்டைய ஒடச்சுக்கறீங்க, வெளம்பரம் ஒண்ணு பாத்தா டியூப் ஒண்ணு சேத்திக் குடுத்துருமுங்க" என்றான். "குடுக்கும் தம்பி, அப்பறம் அடுத்த லெவலுக்கும் அதைத்தான் கேக்கோணும்" என்றேன். கூடுதலாக ஒரு முழு டியூப் என்பது எட்டு இடத்தைப் பன்னிரண்டாக்கும் வேலை. ஒன்றரை மடங்கு இடம் கிடைத்தால் எந்த லெவலும் கடினமாக இருக்காது, அதைக் கடந்ததற்கு அர்த்தமும் இருக்காது. பின்வாங்கும் பொத்தானை மட்டும் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். அதற்கும் விளம்பரம் கேட்டால், முதலிலிருந்து தொடங்குவது இலவசம். முதல் ஐந்தாறு ஊற்றல்களிலேயே முடிவு ஏறக்குறைய தீர்மானமாகிவிடுவதால், நடுவில் நின்று திண்டாடுவதைவிடத் தொடக்கத்தை மாற்றுவதே பலன் தரும். தொடங்கும் முன், போன முறை எந்த நிறத்தைக் காலி டியூப்பில் முதலில் விட்டோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இந்த முறை வேறொன்றை விட வேண்டும்.

கீழ் அடுக்குகள் கேள்விக்குறியால் மறைக்கப்பட்ட லெவல்களில் அடியைப் படிக்கும் முறை முதலில் கைகொடுக்காது. அங்கே முதல் சுற்றை உளவு பார்ப்பதற்காகவே விளையாடுகிறேன். எந்த டியூப்பையாவது முடிந்தவரை ஆழமாகத் திறந்து, தெரிந்த நிறங்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு மறுபடி தொடங்குவேன். நான் விளையாடும் ஆப்பில் அமைப்பு மாறுவதில்லை. ஆப்புகளுக்கிடையே இதில் வேறுபாடு இருக்கலாம் என்பதால், முதலில் அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

குறை என்று சொன்னால் நிறத்தேர்வைத்தான் சொல்வேன். 12 நிறங்கள் வரும்போது கரும்பச்சையும் பச்சையும், நீலமும் ஊதாவும் நெருங்கிவிடுகின்றன. கம்பெனியில் நாங்கள் ஷேடு பார்ப்பது ஒளிப்பெட்டிக்குள், பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் ஒரு முறை, கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கில் ஒரு முறை. ஒன்றில் பொருந்திய துணி மற்றதில் பொருந்தாமல் போவது அன்றாடம் நடப்பது. கைப்பேசியிலும் இரவு நேரத்துக்கான மஞ்சள் திரையைப் போட்டுவிட்டால் நிறங்கள் மாறித் தெரியும். விளையாடும்போது அதை அணைத்துவிடுங்கள். சில ஆப்களில் நிறத்தோடு குறியீடும் சேர்த்துக் காட்டும் வசதி, நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்காகத் தரப்பட்டிருக்கிறது. பார்வை சரியாக உள்ளவர்களும் அதைப் போட்டுக்கொள்ளலாம். பேருந்தின் மங்கிய விளக்கில் நான் அப்படித்தான் விளையாடுகிறேன்.

விளம்பரங்களின் தொல்லை உண்மை. இரண்டு லெவலுக்கு ஒன்று என்ற அளவில் வரும் ஆப்பை நான் நீக்கிவிட்டேன். இணையம் இல்லாமலும் இயங்கும் ஆப்பாகப் பார்த்து, டேட்டாவை அணைத்துவிட்டு விளையாடினால் பெரும்பாலும் நிம்மதி; கூடுதல் டியூப் கேட்கும் ஆசையும் அத்தோடு அடங்கிவிடும், ஏனென்றால் அந்தப் பொத்தான் அப்போது வேலை செய்வதில்லை.