மூணு நாள் லீவுக்கு ஸ்காகனா, கில்லெலாயவா?

கோபன்ஹேகன்ல இருந்துக்கிட்டு மூணு நாள் கடல் பக்கம் போகணும், எங்க போகலாம்னு யார்கிட்ட கேட்டாலும் டென்மார்க்கோட வடக்கு முனையில இருக்கற ஸ்காகன்னுதான் சொல்லுவாங்க (டேனிஷ்காரங்க வாயில அது "ஸ்கேன்"னு வரும், ரயில் அறிவிப்புலயும் அப்படித்தான் கேக்கும்). போன வருஷம் ஜூலைல நாங்களும் அங்கதான் போனோம், நான், மனைவி, ஆறு வயசுலயும் ஒம்பது வயசுலயும் ரெண்டு பசங்க. இந்த வருஷம் ஜூன்ல, கோபன்ஹேகனுக்கு வடக்க பக்கத்துலயே இருக்கற கடலோர ஊரான கில்லெலாய போனோம். எங்ககிட்ட கார் கிடையாது, அதனால கீழ சொல்றதெல்லாம் ரயில்ல போறவங்களுக்குத்தான், கார் வச்சிருக்கவங்களுக்கு கணக்கு மாறலாம்.

மணல் ரெண்டு ஊர்லயும் அருமை, தண்ணி ரெண்டு ஊர்லயும் ஐஸ், மீன் ரெண்டு ஊர்லயும் புதுசு. அதுல ஒப்பிட ஒண்ணும் இல்ல.

ஸ்காகனோட பெருமைய குறைச்சு சொல்ல மாட்டேன். கிரேனென் முனையில ஸ்காகராக், கட்டெகட்னு ரெண்டு கடலும் நேருக்கு நேர் வந்து மோதுறத பார்க்கணும், ரெண்டு பக்கத்துல இருந்தும் அலை வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், பசங்க இந்தக் கடல்ல ஒரு காலு அந்தக் கடல்ல ஒரு காலு வச்சுக்கிட்டு நகரவே மாட்டேன்னு நின்னாங்க. நீரோட்டம் மோசம்கறதால அங்க குளிக்கக் கூடாது, காலை நனைக்கறதோட சரி. மணல்ல அவ்வளவு தூரம் நடக்க முடியாதவங்களுக்கு டிராக்டர் இழுக்கற "சாண்டோர்மென்" வண்டி இருக்கு. மஞ்சச் சுவரும் சிவப்பு ஓடுமா இருக்கற வீடுங்க, மணல் மூடிப்போய் 1795ல கைவிட்ட சர்ச்சோட கோபுரம் மட்டும் தனியா நிக்கறது, இதெல்லாம் வேற எங்கயும் கிடையாது. ராப்யெர்க் மீலங்கற நகரும் மணல்மேட்டுக்கு கார் இல்லாம போறது சிரமமா பட்டுச்சு, நாங்க போகல, அதப் பத்தி சொல்ல எனக்கு தகுதி இல்ல.

ஆனா மூணு நாள்ல ரெண்டு நாள் மழை, காத்து. பாதி நேரம் ஸ்காகன் மியூசியத்துலதான் இருந்தோம். அங்க ஆன்னா ஆங்கர்ங்கற ஓவியர் 1891ல வரைஞ்ச ஒரு படம், நீல ரூம்ல ஜன்னல் வழியா வெயில் சுவத்துல விழுது, ஒரு பொண்ணு உக்காந்து பின்னிக்கிட்டு இருக்கு. வெளிய கொட்டற மழையில அந்த வெயிலப் பார்த்துக்கிட்டு நின்னது மறக்காது. இருந்தாலும் நாம வந்தது கடலுக்கு இல்லையா?

இங்கதான் என் முக்கியமான விஷயம் வருது. கேக்கறவங்க எல்லாம் தூரத்தப் பத்தி கேக்கறாங்க, நான் வானிலையப் பத்தி கேக்கணும்னு சொல்லுவேன். டேனிஷ் கோடை எப்படின்னா ஒரு வாரம் 25 டிகிரி அடிக்கும், அடுத்த வாரம் 16 டிகிரியும் மேற்குக் காத்தும். டிஎம்ஐ (டேனிஷ் வானிலை மையம்) ஆப்ல ரெண்டு மூணு நாளுக்கு சொல்றத நம்பலாம், அதுக்கு மேல போனா என் அனுபவத்துல நம்ப முடியல. ஸ்காகனுக்கோ முன்கூட்டியே முடிவு பண்ணியாகணும், ஏன்னா ஜூலைல ரூம் கிடைக்கறதே கஷ்டம், அதுலயும் 29வது வாரம்னா (ஜூலை நடுவுல) கோபன்ஹேகன் பணக்காரங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க, சொம்மர்ஹூஸ் (வாடகைக்கு விடற கோடை வீடு) எடுக்கலாம்னா சீசன்ல சனிக்கு சனி முழு வாரமாத்தான் பெரும்பாலும் தருவாங்க, ரயில்ல மலிவான ஆரஞ்சு டிக்கெட் எடுத்தா அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். இவ்வளவையும் பூட்டி வச்சிட்டு அப்புறம் வானத்தப் பார்த்து வேண்டிக்கிட்டு இருக்கணும். ஆல்போர்க், ஃப்ரெடெரிக்ஸ்ஹவன்னு மாறி மாறி போய்ச் சேர ஆறரை ஏழு மணி நேரம் வேற, மூணு நாள்ல போக ஒரு நாள் வர ஒரு நாள் அதுலயே போயிடுது.

கில்லெலாயவுக்கு நாங்க புதன்கிழமை ராத்திரி வானிலை பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணினோம். ஒரு வீட்ல ரூம் கிடைச்சுது, வெள்ளிக்கிழமை எஸ்-டோக்ல (கோபன்ஹேகன் புறநகர் ரயில்) ஹில்லெரோட், அங்க லோக்கல் ரயில் மாறி கில்லெலாய, மொத்தம் ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம். ரூம் கிடைக்கலன்னாலும் காலைல போய் ராத்திரி திரும்பியிருப்போம், வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்ல, ஜூன் கடைசியில சூரியன் மறையறப்போ மணி பத்தாகும். மழை வந்தா அடுத்த வாரம் போகலாம். இந்த "அடுத்த வாரம் போகலாம்"கறதுதான் ஸ்காகன்ல இல்லாதது, சின்ன லீவுக்கு இதவிட பெரிய வசதி எனக்குத் தெரியல.

ஊரு சின்னதுதான், ஆனா வெறும் பீச் ஊருன்னு நினைக்காதீங்க. துறைமுகத்துல இன்னும் மீன்பிடி படகு நிக்குது, அங்கயே பொரிச்ச மீனும் ரெமுலாட் சாஸும் வாங்கி கட்டைச் சுவர்ல உக்காந்து சாப்பிடலாம். மேற்கால கில்பியெர்க் ஹோவெட் மேட்டுல நடந்தா தத்துவஞானி கீர்க்ககோர் நினைவுக்கல் இருக்கு, 1835ல 22 வயசுல இங்க வந்து தங்கி இந்தப் பாதையில நடந்தவர். வானம் தெளிவா இருந்தா எதிர்ல ஸ்வீடனோட குல்லாபெர்க் குன்று தெரியும். 1943 அக்டோபர்ல நாஜிகள்கிட்ட இருந்து தப்பிக்க யூதர்கள் நிறைய பேர் இந்தத் துறைமுகத்துல இருந்து ஸ்வீடனுக்குப் படகேறினாங்க, சர்ச் பரண்ல ஒளிஞ்சிருந்த 80 பேர் போல நாஜி ரகசிய போலீஸ் கெஸ்டபோகிட்ட மாட்டிக்கிட்டாங்க. அந்த சர்ச் ஊர் நடுவுலயே இருக்கு. பெரியவன் அத கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் ஸ்வீடன் எவ்வளவு தூரம்னு கேட்டான்.

ஒரு விஷயத்துல ஸ்காகன் ஜெயிக்குது, சொல்லியே ஆகணும். அங்க ரெண்டு பக்கமும் கடல், மேற்குக் காத்து அடிச்சா கிழக்குப் பக்கம் போயிடலாம். கில்லெலாய பீச் வடக்கப் பார்த்து இருக்கு, வடக்குக் காத்து வந்தா தப்பிக்க இடமில்ல. ரெண்டாவது நாள் மத்தியானம் அப்படி ஆனப்போ ரயில் ஏறி ஹோர்ன்பெக் போனோம், கரையோரமாவே போற லைன், அங்க மணல் இன்னும் அகலம், ஆனா காத்து அங்கயும் அதேதான்.

குளிர்காலத்துல ரெண்டு ஊரும் நான் பார்த்ததில்ல. அஞ்சு நாளுக்கு மேல லீவு இருந்தா நானே ஸ்காகனுக்கு டிக்கெட் எடுப்பேன். மூணு நாள்னா கில்லெலாய, திரும்பறப்போ ஹில்லெரோட் வழியா வராம ஹெல்சிங்கோர் பக்கமா வாங்க, க்ரோன்போர்க் கோட்டை ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம்தான். ஜூன்ல போனாலும் பசங்களுக்கு விண்ட்சீட்டர் எடுத்து வைங்க.