11 எம்பியில் முக்கி நிற்கும் ஆபீஸ் நெட்வொர்க்: எதை மாற்றினால் வேகம் வரும்?

சின்ன ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்ப ஆமை வேகம் ஆகிறது என்று யாரிடமாவது புலம்பினால், கிடைக்கிற பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: ‘ஒரு நாஸ் வாங்கிப் போடுங்க’ (நெட்வொர்க்கில் தனியாக நின்று ஃபைலை வைத்திருக்கும் டிஸ்க் பெட்டி), இல்லையென்றால் ‘எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடுங்க’. இரண்டுமே தப்பில்லை. ஆனால் எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் எதை வாங்கினாலும், குழாய் அடைத்திருக்கும்போது மேலே பெரிய தொட்டி கட்டிய கதைதான். அப்படி ஒரு தொட்டியை நானே கட்டியிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு வழியையும் இன்னொன்றோடு நிறுத்திப் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று.

சுமார் 2 ஜிபி இருக்கிற ஒரே ஒரு ஃபைலை, வீடியோவாக இருந்தால் நல்லது, பகிர்ந்த ஃபோல்டருக்குக் காப்பி போடுங்கள். விண்டோஸில் காப்பி ஓடும் சின்ன ஜன்னலில் கூடுதல் விவரத்தை விரித்தால் பச்சையாக ஒரு கிராஃப் தெரியும். அந்தக் கோடு நொடிக்கு 11 எம்பி பக்கம் அளவுகோல் வைத்து வரைந்தமாதிரி நேராகப் போனால், வேறெங்கும் தேட வேண்டாம், வழியில் எங்கேயோ 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 100 மெகாபிட்டை 8 ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட், அதில் நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக மிஞ்சுவது அந்த 11 சொச்சம். கோடு 110 பக்கம் நேராக நின்றால் உங்களுடையது நல்ல கிகாபிட் (1000 எம்பிபிஎஸ், அதாவது 1 ஜிபிபிஎஸ்) இணைப்பு, கேபிளைக் குறை சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் ஜோராக ஏறிவிட்டுப் பாதியில் தொபுக்கென்று விழுந்தால் அந்தப் பக்கத்து டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மலையும் பள்ளமுமாக ஆடிக்கொண்டே போனால் அநேகமாக வைஃபை. பெரிய ஃபைல் நன்றாகப் போகிறது, ஆனால் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் இருக்கிற ஃபோல்டர் மட்டும் தவழ்கிறது என்றால் அது வேறு வியாதி, அதைக் கடைசியில் பார்ப்போம்.

கேபிளா, வைஃபையா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேஜையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்குக் கேபிள்தான்.

வைஃபை ரூட்டர் அட்டையில் போட்டிருக்கிற ஆயிரக்கணக்கான எம்பிபிஎஸ்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது எல்லா அலைவரிசையையும் கூட்டிச் சொல்கிற கணக்கு. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பேச முடியும். அதோடு, அனுப்புகிற கம்ப்யூட்டரும் வாங்குகிற கம்ப்யூட்டரும் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது: ஒரு தடவை ரூட்டருக்கு, இன்னொரு தடவை ரூட்டரிலிருந்து அடுத்தவருக்கு. அதிலேயே பாதி வேகம் போய்விடும். இணையம் பார்க்க இது உறைக்காது. பக்கத்து மேஜைக்கு 5 ஜிபி அனுப்பும்போது நன்றாகவே உறைக்கும். வைஃபையை விட முடியாத லேப்டாப்பாக இருந்தால், ஃபைல் வைத்திருக்கிற இயந்திரத்தையாவது கேபிளில் கட்டிவிடுங்கள், காற்றில் ஒரு பயணம் குறையும்.

கேபிள் போட்டாயிற்று, இன்னும் அதே 11தான் என்றால்? என் தொட்டிக் கதை இங்கேதான் வருகிறது. ஃபைல் பகிர்வு மெதுவாக இருக்கிறது என்று இரண்டு டிஸ்க் போடுகிற நாஸ் ஒன்று வாங்கி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லா ஃபோல்டரையும் அதற்கு மாற்றி, மறுநாள் காலையில் பெருமையாகக் காப்பி போட்டுக் காட்டினேன். 11.2. பழைய இயந்திரத்தில் வந்த அதே எண். நாஸ் மேல் சந்தேகப்பட்டேன், டிஸ்க் மேல் சந்தேகப்பட்டேன், ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். சில நாள் கழித்து, எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியில் அந்தப் போர்ட்டின் விளக்கு மட்டும் மற்றவை மாதிரி பச்சையாக இல்லாமல் ஆரஞ்சில் எரிவது கண்ணில் பட்டது. கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டு கம்பியில் பழுப்பு நிறக் கம்பி ஒன்று மட்டும் பிளக்கின் நுனி வரை வராமல் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியவர் (கிரிம்ப் செய்தவர்) அவசரத்தில் விட்டது.

விஷயம் என்னவென்றால், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று அறுந்தால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எல்லாம் வேலை செய்கிறமாதிரியே இருப்பதால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போவதும் உண்டு. புதிதாக முனை போட்ட பிறகு அதே நாஸில் 112 வந்தது.

இதே வம்பைச் செய்கிற இன்னும் இரண்டு ஆட்கள்: மூலையில் கிடக்கும் பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச், அப்புறம் மேஜை மேல் இருக்கிற, நெட்வொர்க் கேபிளிலேயே ஓடுகிற ஐபி ஃபோன். போர்ட் பற்றாமல் ஃபோன் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கேபிள் எடுத்திருப்பார்கள். அந்த மாதிரி ஃபோன்கள் நிறைய 100 எம்பிபிஎஸ்தான். நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸ் ஜன்னலில் வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பார்த்துவிடுங்கள்.

கிகாபிட் போதுமா, 2.5க்குத் தாவலாமா

பெரும்பாலான ஆபீஸுக்குக் கிகாபிட் போதும். 2.5 ஜிபிபிஎஸ்ஸின் அழகு என்னவென்றால், ஏற்கெனவே சுவருக்குள் ஓடுகிற கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும். அதற்காகவே 2016இல் வந்த தரம் அது. ஆனால் நொடிக்கு 280 எம்பி பக்கம் வரக்கூடிய பாதை போட்டுவிட்டு, மறுமுனையில் பெரும்பாலும் 150 அல்லது 200 எம்பிக்கு மேல் தராத சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைத்தால் என்ன பயன்? வீடியோ எடிட்டிங், பெரிய படங்கள், கட்டட வரைபடங்கள் என்று தினமும் பத்து இருபது ஜிபி நகர்த்துகிறவர்கள் இரண்டு முனையிலும் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுக்கொண்டு தாவலாம். வேர்டு, எக்ஸெல், பிடிஎஃப் மட்டும் பார்க்கிற ஆபீஸில் வித்தியாசமே தெரியாது. 10 ஜிபிபிஎஸ் பற்றி இங்கே பேசவே தேவையில்லை.

ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஷேர் போடுவதா, நாஸா

வேகத்தை மட்டும் பார்த்தால் இதில் பெரிய போட்டியே கிடையாது. கிகாபிட் கேபிளில், எஸ்எஸ்டி போட்ட பழைய கம்ப்யூட்டரும் 110 தரும், நாஸும் 110 தரும். இன்னும் சொல்லப்போனால் குட்டி ஃபைல்களில் எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டர்தான் ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸை முந்தும். விலை குறைந்த நாஸ்களில் இருக்கிற பிராசஸர் சாதாரணமானதுதான், என்கிரிப்ஷன் போட்டுவிட்டால் அது இன்னும் மூச்சு வாங்கும்.

அப்படியானால் நாஸ் எதற்கு? ஷேர் போட்ட கம்ப்யூட்டர் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர் என்பதால். அவர் மதியம் எழுந்து போனால் அது ஸ்லீப்புக்குப் போகும். அவர் லீவு என்றால் யாருக்கும் ஃபைல் இல்லை. அப்டேட் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனால் நாலு பேர் திறந்து வைத்திருக்கிற எக்ஸெல் அந்தரத்தில் தொங்கும். விண்டோஸின் சாதாரணப் பதிப்பில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு என்ற வரம்பும் உண்டு, ஐந்தாறு பேருக்கு அது பிரச்சினை இல்லை. நாஸ் யாருடையதும் இல்லை. மூலையில் கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு இரவு பகலாக ஓடும், பல மாடல்களில் ஸ்னாப்ஷாட் (ஃபைல்கள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைக்கும் வசதி) இருப்பதால் தப்பாக அழித்ததை மீட்கலாம், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே ஃபைலை எழுதி வைக்கிற ரெய்டு 1 அமைப்பில் ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று தாங்கும். (ரெய்டு பேக்கப் ஆகாது. நீங்கள் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.)

என் கணக்கு இப்படி: மூன்று பேர் வரைக்கும் என்றால், யாரும் உட்காராத ஒரு பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி போட்டு, ஸ்லீப்பை அணைத்து, அதையே ஃபைல் இயந்திரமாக ஆக்கிவிடலாம். நாலைந்துக்கு மேல் போனால், அதோடு அதைக் கவனித்துக்கொள்ள ஆளும் இல்லை என்றால், நாஸ்தான்.

நாஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறை) கையொப்பத்தை, அதாவது வழியில் யாரும் மாற்றவில்லை என்று ஒவ்வொரு செய்தியிலும் போடுகிற முத்திரையை, இயல்பாகவே கட்டாயமாக்கிவிட்டார்கள், ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவையும் மூடிவிட்டார்கள். அப்டேட் ஆன மறுநாள் பழைய நாஸ் திறக்கவே மாட்டேன் என்கிறது, அல்லது திறந்தாலும் முன்னைவிட மெதுவாக இருக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். நாஸில் முறையாக யூசர் கணக்கு உருவாக்கி, அதன் ஃபர்ம்வேரையும் (நாஸுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்வதே சரியான வழி. அந்த முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐ மறுபடி இயக்கினால் திறக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அது மெதுவானதும்கூட.

கிளவுடா, சின்க்திங்கா

கிளவுடில் ஃபைலைப் பகிர்வது எனக்குப் பிடிக்கும், ஆனால் வேகத்துக்காக இல்லை. 20 எம்பிபிஎஸ் அப்லோடு இருக்கிற இணைப்பில் 1 ஜிபி மேலே ஏறவே 400 நொடி, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். அப்புறம் அதே ஃபைலை ஐந்து பேர் தனித்தனியாக இறக்க வேண்டும். பக்கத்து மேஜைக்குப் போக வேண்டியது ஊரைச் சுற்றி வருகிறது. கிகாபிட் கேபிளில் இதற்குப் பத்து நொடிகூட ஆகாது. டிராப்பாக்ஸில் லேன் (ஆபீஸுக்குள் இருக்கிற நெட்வொர்க்) சின்க் என்று ஒரு வசதி உண்டு, ஒரே நெட்வொர்க்கில் இன்னொருவரிடம் ஏற்கெனவே இருக்கிற துண்டை நேரடியாக அவரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அது பாதி வலியைக் குறைக்கும்.

கிளவுட் ஜெயிக்கிற இடம் வேறு. ஒரே எக்ஸெல்லில் மூன்று பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், வெளியே சுற்றுகிறவருக்கு மொபைலில் பார்க்க வேண்டும் என்றால் நாஸை அதற்காக வளைப்பதைவிட கிளவுடுக்கே போவது நல்லது. ஆனால் கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரையோ ஆக்சஸ் டேட்டாபேஸையோ சின்க் ஆகிற ஃபோல்டரில் வைத்து இரண்டு பேர் திறந்தால், மாலையில் இரண்டு பிரதி இருக்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது.

சின்க்திங் இலவச மென்பொருள், நடுவில் சர்வரே வேண்டாம். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று லேனில் தாமாகவே கண்டுபிடித்து, மாறிய துண்டுகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும். ஃபைல் எல்லாரிடமும் உள்ளூர் டிஸ்க்கில் இருப்பதால் திறப்பது உடனடி, நெட்வொர்க் போனாலும் வேலை நிற்காது. வேகம் என்று கேட்டால் அன்றாட உணர்வில் இதுதான் முதலிடம். சிக்கல் எங்கே என்றால், இதில் பூட்டு கிடையாது. பகிர்ந்த ஃபோல்டரில் ஒருவர் வேர்டு ஃபைலைத் திறந்தால் அடுத்தவருக்கு ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று வரும். இங்கே அது வராது, இருவரும் திருத்திவிட்டால் மோதல் பிரதி ஒன்று முளைக்கும். ஒருவர் அழித்தால் எல்லாரிடமும் அழியும், பழைய பதிப்பை வைத்துக்கொள்ளும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு வேலை என்று பிரிந்திருக்கிற ஆபீஸுக்கு அருமை. ஒரே ஃபைலில் நாலு கை என்றால் வேண்டாம்.

பென் டிரைவ்? யூஎஸ்பி 2.0 என்றால் அதிகபட்சம் நொடிக்கு 30, 40 எம்பி, அதுவும் எழுத ஒரு தடவை, படிக்க ஒரு தடவை. நல்ல டிரைவாக இருந்தால் 100 எம்பிபிஎஸ் லேனை அது ஜெயிக்கும் என்பதுதான் பல ஆபீஸில் அது இன்னும் சட்டைப் பையில் சுற்றுவதற்குக் காரணம்.

குட்டி ஃபைல் வியாதி

10,000 சின்ன ஃபைல் இருக்கிற ஃபோல்டர் மொத்தமே 300 எம்பி இருக்கும், கிகாபிட்டில் மூன்று நொடியில் முடிய வேண்டும், ஆனால் நிமிடக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் உருவாக்கு, எழுது, தேதியைப் போடு, மூடு என்று இரண்டு கம்ப்யூட்டரும் பலமுறை பேசிக்கொள்ள வேண்டும், நடுவில் ஆன்டிவைரஸும் தலையை நீட்டும். ஒரு ஃபைலுக்கு 20 மில்லிநொடி என்று வைத்தாலே 200 நொடி ஆயிற்று. இதற்கு 2.5 ஜிபிபிஎஸ் சுவிட்ச் மருந்தில்லை. ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்புவது ஒரு வழி. இன்னொன்று, விண்டோஸிலேயே இருக்கிற, கட்டளை தட்டி ஓட்டுகிற ரோபோகாப்பி என்ற காப்பி கருவி. அதில் எம்டி (/MT) என்ற விருப்பத்தைச் சேர்த்தால் சாதாரணமாக 8 ஃபைலை ஒரே நேரத்தில் அனுப்பும், 128 வரை ஏற்றலாம். நான் 16க்கு மேல் போவதில்லை, மறுமுனையில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் ஊசி அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். அந்த இடத்தில் ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.