பின்பாரம் ஏற்றினார்கள், என் டிராக்டர் வாய்க்காலில் கிடந்தது

கும்பகோணத்தில் பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கினேன், பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர், சேற்றில் ஓட்ட ஒரு ஜோடி கேஜ் வீல் (இரும்புச் சக்கரம்) எல்லாம் சேர்த்து. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றும் தயாராகிக்கொண்டிருந்தது. தொழி உழவுக்கு, அதாவது நடவுக்கு முன் சேற்றில் உழ, டிராக்டர் உடனே வேண்டும் என்ற அவசரத்தில்தான் சுமை வண்டி பிடித்துத் தரும் ஒரு புரோக்கரிடம் மாட்டினேன். "பெல்ட், ரேம்ப் எல்லாம் இருக்கு சார். ஏத்தி இறக்குற வரைக்கும் எங்க பொறுப்பு" என்றார். 6,500 ரூபாய் பேசி, 4,000 முன்பணம் ஜிபேயில் அனுப்பினேன்.

வந்தது ஒரு பழைய பிக்கப். பின்னால் பட்டறையில் அடித்த இரண்டு சக்கர டிரெய்லர். நீல பெயிண்ட், நம்பர் எழுதவில்லை. பெல்ட்டும் இல்லை, ரேம்பும் இல்லை, ஒரு சுருள் நைலான் கயிறு மட்டும். டிரைவர் டிரெய்லரை ஒரு மேட்டை ஒட்டி ரிவர்ஸில் விட்டு, இரண்டு பலகை போட்டு, டிராக்டரை நேராக ஓட்டி ஏற்றினார். பாதிப் பலகையில் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்கின. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ரொட்டவேட்டர் டிரெய்லரின் வாலைத் தாண்டி வெளியே தொங்கியது. கேஜ் வீல்களையும் அதன் பக்கத்திலேயே செருகி, கயிற்றை பானட்டுக்கு மேலே போட்டு முடிச்சுப் போட்டார். சரி, தினம் இதே வேலை செய்கிறவர், தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

நான் பைக்கில் பின்னாலேயே வந்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் நின்றோம். அங்கேதான் கவனித்தேன்: இவ்வளவு பாரம் இழுக்கிற பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கவே இல்லை, மேலே தூக்கிக்கொண்டு நின்றது. டிரெய்லரைக் கொக்கியில் பூட்டும் இரும்பு ஆணி துளைக்குள் மேல்பக்கமாக நெம்பிக்கொண்டிருந்தது. "அண்ணே, பின்னாடி தூக்கிட்டு நிக்குதே?" என்றேன். "ஸ்பிரிங்கே அப்படித்தான் தம்பி" என்றார். கேட் திறந்தது.

டெல்டாவில் பாலம் ஏறி இறங்காமல் பத்து கிலோமீட்டர் போக முடியாது. மன்னார்குடி ரோட்டில் ஒரு பால இறக்கத்தில் வேகம் ஐம்பதைத் தொட்டிருக்கும். டிரெய்லரின் வால் இடப்பக்கம் ஒரு ஆட்டம், வலப்பக்கம் அதைவிடப் பெரிய ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தில் டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். டிரெய்லர் குறுக்கே மடங்கியது, கயிறு அறுந்தது, டிராக்டர் உருண்டு வாய்க்காலில் ஒருக்களித்துக் கிடந்தது. எதிரே மொபெட்டில் வந்த பெரியவர் வண்டியை வயலுக்குள் இறக்கித் தப்பினார். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

மன்னார்குடி மெக்கானிக் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார்: "மாட்டுவண்டியில பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கி மாட்டோட கழுத்தை இறுக்கும்ல, அதேதான் தம்பி." டிராக்டருக்கு எடை அதிகம் பின்பக்கம்தான், ரொட்டவேட்டரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதை நேராக ஏற்றினால் பாரம் முழுக்க டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய்விடும். ரிவர்ஸில் ஏற்றியிருந்தால் கனமான பக்கம் பிக்கப்பை ஒட்டி நின்றிருக்கும், பலகையில் முன்சக்கரமும் தூக்கியிருக்காது. கார் என்றால் இன்ஜின் முன்னால் இருப்பதால் நேராக ஏற்ற வேண்டும். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுத்த வேண்டுமாம். என்னுடையது எல்லாம் சேர்த்து சுமார் 1,600 கிலோ. குறைந்தது 160 கிலோ அழுத்தியிருக்க வேண்டிய இடத்தில் கொக்கி மேலே இழுத்துக்கொண்டிருந்தது.

இதைப் பார்க்கப் படிப்பு தேவையில்லை. ஏற்றுமுன் இழுக்கும் வண்டியின் பின்பம்பர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றியபின் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் புறப்பட விடாதீர்கள், இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். நைலான் கயிறு இழுபடும், முடிச்சு தளரும். கைப்பிடியால் இறுக்கும் ராட்செட் பெல்ட் நான்கு, நான்கு மூலைக்கும், பானட்டில் அல்ல, அச்சிலோ சேஸிலோ மாட்ட வேண்டும். கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி வைப்பது இதெல்லாம் அப்புறம். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி பெல்ட்டை இறுக்க வேண்டும். வால் ஆட ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது.

புரோக்கர் இப்போது "ஏத்தும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க" என்கிறார். முன்பணமும் தரவில்லை. ஜேசிபி வைத்துத் தூக்கியது, ஸ்டீயரிங், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆகிவிட்டது. எல்.ஆர். சீட்டு (சரக்கு ஏற்றியதற்கான ரசீது) கேட்டு வாங்காதது என் பெரிய தப்பு. வக்கீல் சொன்னபடி, 2007-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சரக்குச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். ஜிபே ரசீதையும் கேட்டில் எடுத்த போட்டோவையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்தாயிற்று.

போன வாரம் வலங்கைமான் கடைத்தெருவில் அதே நீல டிரெய்லர் நின்றது. இன்னும் நம்பர் இல்லை. மேலே ஒரு பவர் டில்லர், அதே நைலான் கயிறு.