பெபிள் பீச்சா, பசிஃபிக் டியூன்ஸா: ஒரே பயணத்துக்கு எது?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடலோர கோல்ஃப் ஆட வேண்டும், ஒரு முறைதான் வாய்ப்பு என்றால் பேச்சு கடைசியில் இந்த இரண்டில் வந்து நிற்கும். ஒன்று கலிபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில் இருக்கும் பெபிள் பீச். மற்றொன்று ஆரிகன் மாநிலத்தில் பாண்டன் ஊருக்கு வெளியே, பாண்டன் டியூன்ஸ் விடுதி வளாகத்துக்குள் இருக்கும் பசிஃபிக் டியூன்ஸ். இரண்டிலும் உறுப்பினராக இல்லாதவரும் காசு கொடுத்து ஆடலாம். இரண்டிலும் செங்குத்துப் பாறை, கீழே பசிஃபிக் கடல். ஒற்றுமை அத்துடன் சரி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட வருகிற அத்தனை பேரும் ஆடுபவர்கள் என்றால் பசிஃபிக் டியூன்ஸ். மட்டையே தொடாத ஒருவர் கூட வந்தாலும் பெபிள் பீச்.

பெபிள் பீச்சில் பணக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 18 ஹோலுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு (ஹோல் என்றால் முதல் அடியிலிருந்து குழி வரையிலான ஒரு தடம்), ஒருவர் கட்டணம் 600 டாலரைத் தாண்டிச் சில காலம் ஆகிறது. விடுதியில் தங்காதவர்களுக்கு மைதானத்தில் ஓட்டும் கோல்ஃப் வண்டிக்குத் தனிக் காசு. மாதக்கணக்கில் முன்பே நேரம் பிடித்து வைக்க வேண்டுமென்றால் அவர்களுடைய விடுதியில் குறைந்தது இரண்டு இரவு தங்கியாக வேண்டும். அங்கே அறை ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர் அளவில் போகும். ஆக, ஒரு ஆட்டத்தின் உண்மையான விலை அந்தக் கட்டணம் மட்டும் கிடையாது.

தங்காமல் ஆடவும் வழி உண்டு. ஆட நினைக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பு தொலைபேசியில் கூப்பிட்டு, மிச்சம் இருக்கும் இடத்தைக் கேட்கலாம். தனி ஆளாகவோ இருவராகவோ போனால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நான்கு பேர் சேர்ந்து போய் இதை நம்பினால் கடற்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்க வேண்டியதுதான். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்த வழி தோது. ஒன்றரை, இரண்டு மணி நேரக் கார் ஓட்டம்தான், கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை. பிப்ரவரி வாக்கில் தொழில்முறைப் போட்டி நடக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். 2027 ஜூனில் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி அங்கே வருகிறது, அதற்கு முந்தைய வாரங்களிலும் இடம் கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள்.

மைதானம் 1919-இல் திறந்தது. வடிவமைத்த ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் இருவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்கள். முதல் மூன்று ஹோல் உள்நிலம். 4 முதல் 10 வரை கடல். 11 முதல் 16 வரை மறுபடி உள்நிலம். 17-உம் 18-உம் மீண்டும் கடல். படங்களில் பார்ப்பதெல்லாம் இந்த ஒன்பது ஹோல்கள்தான். மற்ற ஒன்பதும் மோசமில்லை, ஆனால் அவற்றுக்காக மட்டும் யாரும் இந்தக் காசு கொடுக்க மாட்டார்கள்.

4 முதல் 10 வரையிலான வரிசையில் கடல் பெரும்பாலும் வலப்பக்கம். பந்து வலப்புறம் வளையும் வலக்கை ஆட்டக்காரருக்கு இது சோதனை, பையில் கூடுதலாக அரை டஜன் பந்து இருக்கட்டும். 6-ஆம் ஹோலில் இரண்டாவது அடி, முன்னால் நிற்கும் மேட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. மேட்டைத் தாண்டும் உயரம் வராது என்று தோன்றினால் கீழேயே முன்னால் தள்ளி நிறுத்திவிட்டு மூன்றாவதில் ஏறுவது நல்லது.

7-ஆம் ஹோல் வெறும் 106 யார்டு, இறக்கத்தில். காற்று இல்லாத காலையில் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான மட்டை) போதும். 1992 யு.எஸ். ஓபன் கடைசி நாளில் காற்று சுழற்றியபோது அமெரிக்க ஆட்டக்காரர் டாம் கைட் இங்கே இன்னும் தூரம் போகும் 6 ஐயன் மட்டையை எடுத்தார். அதுவும் க்ரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) இடப்புறம் போய்விழ, அங்கிருந்து நேராகக் குழிக்குள் அடித்தார், கோப்பையையும் வென்றார். தூரப் பலகையை மறந்துவிட்டுக் கொடியையும் அலையையும் பார்த்து மட்டை எடுக்க வேண்டிய இடம் இது.

8-ஆம் ஹோல்தான் மைதானத்தின் உச்சம். டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) மேட்டில் ஏறும் அடி, இறங்கும் இடம் தெரியாது. டிரைவரை (மிக அதிக தூரம் அடிக்கும் மட்டை) எடுத்து நன்றாக அடித்தவர்தான் இங்கே மாட்டுவார், ஏனென்றால் ஃபேர்வே (டீக்கும் க்ரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வழி) திடீரென்று பாறை விளிம்பில் முடிந்துவிடும். அதைவிடக் குறைவாகப் போகும் 3 வுட் மட்டையோ ஹைபிரிட் மட்டையோ போதும். பிறகு கடல் பிளவுக்கு மேலாக 180 யார்டுக்குக் குறையாத அடி, எதிரே சின்ன க்ரீன். அந்தத் தூரம் பறந்து போகாது என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடப்பக்கமாகப் பிளவைச் சுற்றிக்கொண்டு ஃபேர்வே போகிறது. அங்கே போட்டு, ஐந்து அடியில் முடித்துக் கிளம்பலாம்.

க்ரீன்கள் சராசரியாக 3,500 சதுர அடி அளவில்தான், தொழில்முறைப் போட்டி நடக்கும் இடங்களில் மிகச் சிறியவற்றில் சேரும். சரிவு பெரும்பாலும் கடலைப் பார்த்து. பந்து குழிக்கு மேலே நின்றால் மூன்று பட் (க்ரீனில் பந்தை உருட்டும் அடி), கீழே நின்றால் இரண்டு. புல் போவா ஆனுவா வகை. பகல் ஏறஏற இது சீரில்லாமல் வளர்ந்து பூக்காம்பு விடும். மதியத்தில் நான்கடி பட்கூட வழியில் துள்ளும். எனவே காலை நேரத்துக்கு அடித்துப் பிடித்தாவது இடம் வாங்குங்கள். மதியம் ஆடியவர்கள் பட்டிங்கைத் திட்டிக்கொண்டே வருவதில் பாதி நியாயம் இந்தப் புல்லுக்கு உண்டு.

இன்னொரு தொல்லை வண்டி. அது பாதையை விட்டு இறங்கக் கூடாது. பந்து எதிர்ப்பக்கம் கிடந்தால் ஒரு மட்டையோடு நடந்து போய், அது பொருந்தாமல் திரும்பி வந்து எடுக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். கால் தெம்பு இருந்தால் வண்டியை விட்டுக் கேடியை (மட்டைப் பை சுமந்து யோசனை சொல்பவர்) வைத்துக்கொள்ளுங்கள், க்ரீன் சரிவு படிக்க அவர் இல்லாமல் ஆகாது.

பசிஃபிக் டியூன்ஸில் இந்த வண்டிப் பேச்சே இல்லை. மருத்துவக் காரணம் உள்ளவர்கள் தவிர எல்லோரும் நடந்துதான் ஆட வேண்டும். மணல்மேடு ஏறி இறங்கி, ஒரு சுற்றுக்குப் பத்து கிலோமீட்டர் எளிதாக வரும். கேடி கிடைப்பார், கூலியும் அன்பளிப்பும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், பணத்தைக் கையோடு கொண்டு போங்கள். வேண்டாம் என்றால் மட்டைப் பைக்குத் தள்ளுவண்டி எடுக்கலாம்.

போய்ச் சேர்வதுதான் பாடு. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நார்த் பெண்ட் விமான நிலையத்துக்குச் சிறு விமானம் உண்டு, அங்கிருந்து அரை மணி நேரம். மூடுபனி வந்தால் அந்த விமானம் ரத்தாகும். யூஜீனில் இறங்கினால் காரில் இரண்டரை மணி நேரம், போர்ட்லாந்தில் இறங்கினால் நாலரைக்கு மேல். மான்டரேவில் கோல்ஃப் ஆடாதவர்களுக்குக் கார்மெல், பெரிய அக்வேரியம், பாயின்ட் லோபோஸ், பிக் சர் என்று நான்கு நாள் ஓட்டலாம். பாண்டனில் கடற்பாறைகளும் கிரான்பெரி வயல்களும் பார்த்தால் அரை நாளில் முடிந்தது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் ஊறுகாயும் உடனடி சாம்பார்ப் பொடியும் எடுத்துப் போவது வீண் போகாது.

ஆனால் மைதானம்! 2001-இல் டாம் டோக் வடிவமைத்தது. பார் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிக் கணக்கு) 71, மிகப் பின்னால் இருக்கும் கறுப்பு டீயிலிருந்து 6,633 யார்டு. பின் ஒன்பது ஹோலில் பார் 3 நான்கு, பார் 5 மூன்று, பார் 4 இரண்டே இரண்டு. 10-உம் 11-உம் அடுத்தடுத்து பார் 3. வேறு யாராவது இப்படிப் போட்டிருந்தால் கணக்குத் தெரியாதவர் என்று சிரித்திருப்பார்கள். இங்கே நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே ஹோல்களைப் பொருத்தியிருக்கிறார் என்பது நடக்கும்போதே தெரிகிறது.

கோடையில் காற்று வடக்கிலிருந்து, குளிர்காலத்தில் தெற்கிலிருந்து. இதை மனதில் வைத்தால் பாதி ஆட்டம் புரிந்துவிடும். 4-ஆம் ஹோல் வலப்பக்கம் பாறை விளிம்போடு தெற்கே போகிறது. கோடையில் காற்று பின்னால், பந்து நிற்காமல் ஓடும், க்ரீனுக்கு முன்னாலேயே தரையிறக்குங்கள். 13-ஆம் ஹோல் வடக்கே, இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பிரம்மாண்ட மணல்மேடு. பலகையில் பார் 4, கோடைக் காற்றில் சாதாரண ஆட்டக்காரருக்கு அது பார் 5. எதிர்க்காற்றில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு ஒரு சதவீதம் தூரம் கூட்டுங்கள், பின்காற்றில் அரை சதவீதம் கழியுங்கள். 150 யார்டு, எதிரே 20 மைல் காற்று என்றால் 180-க்கு மட்டை எடுக்க வேண்டும். முக்கியமானது, பலமாக வீசக் கூடாது. பலம் கூடினால் பின்சுழற்சியும் கூடும், பந்து மேலே ஏறி அங்கேயே செத்து விழும். இரண்டு மட்டை கூட எடுத்து மெதுவாக வீசுங்கள்.

தரை முழுக்க ஃபெஸ்கியூ புல், கீழே மணல், இறுகிய பரப்பு. 60 டிகிரி வெட்ஜால் தூக்கிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே பந்தின் வயிற்றில் அடித்து அக்கரைக்கு அனுப்புவார்கள். க்ரீனுக்கு 20, 30 யார்டு வெளியே இருந்தும் பட்டரை (பந்தை உருட்டும் மட்டை) எடுக்கலாம், புல் ஒன்றே என்பதால் உருண்டு போகும். 6-ஆம் ஹோல் 316 யார்டுதான், கைக்கு எட்டுவது போலத் தெரியும். அடியை நன்றாக வலப்பக்கம் வைத்தால்தான் ஒடுங்கிய அந்த க்ரீனின் நீளம் கிடைக்கும். இடப்பக்கம் ஆழமான பங்கர் (மணல் பள்ளம்) காத்திருக்கிறது.

கட்டணம் கோடையில் பெபிள் பீச்சில் ஏறக்குறையப் பாதி, குளிர்காலத்தில் அதிலும் குறைவு. ஒரே நாளில் இரண்டாவது ஆட்டத்துக்குப் பாதி விலை. பெபிள் பீச்சின் ஒரு சுற்றுக் காசில் இங்கே இரண்டு சுற்று ஆடி, இரவுச் சாப்பாட்டுக்கும் மிஞ்சும். அதே வளாகத்தில் பாண்டன் டியூன்ஸ், பாண்டன் டிரெயில்ஸ், ஓல்ட் மெக்டொனால்ட், பங்கரே இல்லாத ஷீப் ராஞ்ச் என்று இன்னும் நான்கு 18 ஹோல் மைதானங்கள் இருக்கின்றன. மூன்று இரவு தங்கி, முதல் நாள் மதியம் ஒன்று, அடுத்த இரண்டு நாளும் இரண்டிரண்டு என்று வைத்தால் ஐந்தும் முடியும், முழங்கால் ஒத்துழைத்தால். பசிஃபிக் டியூன்ஸைக் காலை முதல் ஆட்டமாகப் போடுங்கள். கோடையில் காற்று மதியம்தான் முழு வீச்சில் எழும்.

இரண்டுக்கும் பொருத்தமான மாதங்கள் செப்டம்பர், அக்டோபர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மான்டரேயில் மூடுபனி கடலையே மறைத்துவிடும், காட்சிக்காகக் கொடுத்த காசு வெள்ளைச் சுவரைப் பார்க்கப் போய்விடும். பாண்டனில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை மழை. மழைக் கையுறையும் மாற்றுக் காலணியும் எந்த மாதத்திலும் பையில் இருக்க வேண்டும். பாண்டன் அறைகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும், நண்பர்கள் குழுவில் பேசி முடிவெடுக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மான்டரே பக்கம்தான் போகிறோம், பெபிள் பீச் விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் பசிஃபிக் குரோவ் நகராட்சி மைதானத்தைப் பாருங்கள். பெபிள் பீச்சின் அதே ஜாக் நெவில் 1960-இல் அமைத்த பின் ஒன்பது, கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் கடலோர மணல்மேடுகளில் ஓடுகிறது. கட்டணம் பெபிள் பீச்சில் ஒரு சின்னப் பங்கு. முன் ஒன்பது வீடுகளுக்கு நடுவே போகும், அதைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.