அடியில் மண் இல்லாத தரை: மூன்று மார்கழிக்குப் பிறகு

வாலாஜாவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மச்சான் போன வாரம் போன் செய்தான். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்த பயம் அவனுக்கு இன்னும் போகவில்லை. கீழே தூண்களை மட்டும் நிறுத்தி, மேலே வீடு கட்டுகிறான். "மாமா, மேல தரை குளிராம இருக்க பார்க்கிங் சீலிங்ல ஷீட் அடிச்சீங்களே, அது பிரயோஜனமா? நானும் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். போனில் "வேண்டாம்டா" என்று கோபமாகச் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். அவனைப் போல நிறைய பேர் இப்போது இப்படித்தான் கட்டுகிறார்கள்.

வேலூரில் தரை குளிர்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மே மாதம் 42 டிகிரி காயும் ஊர். ஆனால் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு வாசலில் 16 டிகிரி காட்டும். கீழே நாலு பக்கமும் திறந்த பார்க்கிங். ராத்திரி முழுக்க அந்தக் காற்று படுக்கையறைத் தரைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வெட்ரிஃபைடு டைல்ஸ். அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி வேறு. கட்டிலில் படுக்கவே மாட்டார். போளூர்ப் பக்கம் சாணம் மெழுகிய தரையில் பாய் விரித்துப் பழகியவர். இங்கே வந்த முதல் மார்கழியில் ஒரு வார்த்தை சொன்னார்: "அடியில மண்ணு இல்லாத தரைடா இது. எம்மா நேரம் படுத்தாலும் சூடே ஏற மாட்டேங்குது."

விஷயமே அதுதான். மண் பகல் சூட்டையும் ராத்திரிக் குளிரையும் மெதுவாகத்தான் வாங்கும். அதன்மேல் உட்கார்ந்த தரையும் அப்படியே. தூண்மேல் நிற்கும் தரைக்கு இருப்பது ஐந்து அங்குலக் கான்கிரீட், கொஞ்சம் கலவை, டைல்ஸ், அவ்வளவுதான். ஜமுக்காளம் போட்டோம். பாய்க்கு அடியில் ஃபோம் போட்டோம். படுக்கிற இடம் சரியானது. எழுந்து கால் வைக்கிற இடம் அப்படியே இருந்தது.

2022 செப்டம்பரில் வேலை நடந்தது. அறை 12க்கு 14. அதன் அடிப்பக்கம், அதாவது பார்க்கிங் சீலிங்கில், 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஷீட்டை, அதாவது சூட்டைத் தடுக்கும் கெட்டியான நீல ஃபோம் பலகையை, பசை தடவி ஒட்டி, குடை மாதிரி அகலத் தலை உள்ள பிளாஸ்டிக் ஆணி அடித்து, மேலே வலை வைத்துக் கலவை பூசினோம். ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் காற்றுப் புகுந்தால் போட்டதே வீண் என்பதால் ஒவ்வொரு ஷீட்டையும் தட்டிப் பார்த்து ஒட்டச் சொன்னேன். மேஸ்திரி, "பூச்சு எதுக்கு சார், பெயிண்ட் அடிச்சா போதும்" என்றார். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஷீட் தீப்பிடிக்கும், கரும்புகை கக்கும். கீழே நிற்பது பெட்ரோல் வண்டிகள், பக்கத்துச் சுவரில் ஈ.பி. மீட்டர். மொத்தம் 31,000 ரூபாய் ஆனது.

இந்த இரண்டு அங்குல ஷீட் சூட்டைத் தடுப்பதில் ஏழெட்டு அடி கனமுள்ள கான்கிரீட்டுக்குச் சமம். ஏசி மெக்கானிக்கிடம் லேசர் தெர்மாமீட்டர் வாங்கி நானே பார்த்தேன். ஷீட் போடுவதற்கு முந்தைய ஜனவரியில், விடியற்காலை ஐந்து மணிக்கு, அறைக்குள் 22 டிகிரி, டைல்ஸில் 19. போட்ட பிறகு அதே மாதிரி ஒரு ஜனவரியில் அறையின் நடுவில் டைல்ஸ் 21ஐத் தாண்டியது. அதற்காகக் கால் வைத்ததும் கதகதப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டைல்ஸ் காலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் பொருள். அதே 21 டிகிரியில் கோரைப்பாய் இதமாக இருக்கும், டைல்ஸ் முதல் நொடி ஜில்லென்றுதான் இருக்கும். ஆனால் அந்த ஜில் அடங்கிவிடுகிறது. முன்பு அடங்காது. கால் மரத்துப்போகும்.

நான் எதிர்பார்க்காத நல்லது நடந்தது மே மாதத்தில். முன்பெல்லாம் அக்னி நட்சத்திரத்தில் பார்க்கிங்கில் புகுந்த அனல் காற்று தரையைச் சுடவைக்கும். மத்தியானம் மூன்று மணிக்குக் கீழே படுக்கவே முடியாது. இப்போது அம்மா பாய் கூட இல்லாமல், முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு வெறுந்தரையில் தூங்குகிறார். முதல் வருஷம் அதை வாசலில் நின்று பார்த்தபோது 31,000 ரூபாயும் அப்போதே திரும்பி வந்துவிட்டதாகத்தான் தோன்றியது. குளிருக்காகப் போட்டது, வெயிலுக்கு அதைவிட நன்றாக உழைக்கிறது.

சரி, அப்புறம் ஏன் கோபம்?

பீம். மேஸ்திரி சீலிங்கின் தட்டையான பரப்பை மட்டும் மூடினார். ஓரத்தில் ஒன்றரை அடி தொங்கும் பீமை அப்படியே விட்டுவிட்டார். கேட்டதற்கு, "பீமுக்கு எதுக்கு சார், அது கனமா இருக்குல்ல" என்றார். எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. கனமாக இருந்தால் என்ன, அதுவும் கான்கிரீட்தானே. கீழே மூன்று பக்கமும் காற்றில் நனைகிற பீம், அந்தக் குளிரை நேராக மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குத் தரை இன்றைக்கும் 19 டிகிரி. நடுவிலிருந்து வெறுங்காலோடு நடந்தால் எந்த டைல்ஸில் கோடு போட்ட மாதிரி மாறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

அம்மா உட்காருவதும் அங்கேதான். ஜன்னல் அந்தப் பக்கம். மார்கழியில் நாலரைக்கே எழுந்து, கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் சாய்ந்து உட்காருவார். இத்தனை செலவு செய்தும் அவர் கால் படும் இடம் மட்டும் குளிர்கிறது என்றால் வயிறு எரியாதா?

பூச்சு பீமோடு சேரும் இடத்தில் ஒரு விரற்கடை சந்து வேறு. அணில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. காலையில் ஸ்கூட்டர் சீட்டில் அது கடித்துப் போட்ட ஷீட் துகள் நீலப் பொரி மாதிரி கொட்டிக் கிடக்கும். சிமெண்ட் வைத்து அடைத்தேன், பக்கத்தில் இன்னொரு ஓட்டை. மூன்று வருஷமாக இதே வேலை.

மச்சானுக்கு இன்னும் டைல்ஸ் ஒட்டவில்லை. அதனால்தான் கீழே வேண்டாம் என்கிறேன். அழுத்தம் தாங்கும் அடர்த்தியான ஷீட்டாக வாங்கி ஸ்லாபுக்கு மேலேயே பரப்பி, அதன்மேல் வலைக்கம்பியோடு கலவை போட்டு டைல்ஸ் ஒட்டட்டும். பீமும் தானாகவே அடியில் போய்விடும். அணில் தொல்லை இல்லை, வண்டி நிறுத்துமிடத்தில் எரிகிற பொருள் இல்லை. தரை நாலு அங்குலமாவது உயரும். கதவு நிலை வைப்பதற்கு முன்பே அதைக் கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும்.

கட்டி முடித்தவர்களுக்குக் கீழ்ப்பக்கம்தான் வழி. அவர்கள் பீமின் இரண்டு பக்கத்தையும் அடியையும், தூணின் மேல் இரண்டு அடியையும் சேர்த்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கட்டும். அப்படிச் செய்ய ஆள் இல்லையென்றால் போடவே வேண்டாம்.

எங்கள் பீமுக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டேன். "இத்தனூண்டு வேலைக்கா?" என்று ஒருவரும் வரவில்லை. இப்போதைக்கு அந்த ஒரு சாண் தரையில் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருக்கிறோம். அம்மா அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.