ஃபிளாட்ஹெட் என்ஜினோடு 1932 ஃபோர்டு கூபே: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் சில படங்களை அனுப்பி, "இதை வாங்கலாமா, சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். 1932 ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூபே. பாடியில் டிங்கரிங் பாதி முடிந்திருக்கிறது. என்ஜின் தனியாக ஸ்டாண்டில் நிற்கிறது. விற்பவர் விலையை நன்றாக இறக்கிவிட்டாராம். என்னிடம் இருப்பதும் அதே கார், அதே ஃபிளாட்ஹெட் வி8 (ஃபோர்டின் பழைய எட்டு சிலிண்டர் என்ஜின்) என்பதால் என்னைக் கேட்கிறார். நானோ அந்த வாரம்தான் மறுபடியும் ஒரு வாட்டர் பம்பை மாற்றி முடித்திருந்தேன். எனவே இதில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். காருக்கு நியாயம் செய்யவும் முயல்கிறேன்.

ஹாட் ராட் கட்டுபவர்களிடம், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுபவர்களிடம், 32-க்குத் தனி மவுசு. என் காரைப் பற்றிச் சுருக்கமாக: 32 சேஸிஸ், 1946-48 காலத்து 59ஏபி என்ஜின், 239 கன அங்குலம். 39 மாடலின் மூன்று கியர் பெட்டி, இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர். டெட்ராய்ட் புறநகர் ஒன்றில், வீட்டு கராஜில் வைத்துக் கட்டியது. கூரையை வெட்டித் தாழ்த்தவில்லை. எல்லாரும் வெட்டுகிறார்கள், படத்தில் அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூபேயின் உயரத்திலேயே ஒரு அளவு இருக்கிறது, அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாடி வேலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தகரம் துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது பொறுமை இருக்கிற யாருக்கும் வரும். உள்ளே இருக்கும் மரச்சட்டம்தான் சோதிக்கும். அந்தக் காலத்து ஃபோர்டு பாடிகளில் தகரத்துக்குப் பின்னால் மரமும் இருந்தது. அது உளுத்துப்போயிருந்தால் கதவின் இடைவெளி எந்த ஜென்மத்திலும் சரியாக வராது. கூரையின் நடுப்பகுதியும் தகரம் கிடையாது. மரப்பட்டைகள் மேல் துணி இழுத்துப் போட்டதுதான். ஃபோர்டு கூரை முழுக்கத் தகரமானது 1937-இல். என் காரில் துணியையே மறுபடி போட்டேன். மழையில் ஒழுகவில்லை.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 32-இல் வந்தது கம்பியும் நெம்புகோலும் இழுக்கிற மெக்கானிக்கல் பிரேக். ஹென்றி ஃபோர்டு ஹைட்ராலிக்குக்குச் சம்மதித்தது 1939 மாடலில்தான். அந்த 39-48 டிரம் பிரேக்குகள் பழைய ஆக்சிலில் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். மாற்றியதிலிருந்து இதுவரை ஒரு தொந்தரவும் கிடையாது. இந்தக் காரில் நான் முழு நிம்மதியோடு பாராட்டக்கூடிய பகுதி இதுதான்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு: முன்கண்ணாடி. மேலே கீல் வைத்து, கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கிற கண்ணாடி. கட்டும்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஜூலை மாலையில் அதை நான்கு விரல் அளவு திறந்து வைத்து, அதற்கு முன்னால் உள்ள காற்று மூடியான கவ்ல் வென்டையும் தூக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புல் வெட்டிய வாசனை, தார் சாலையின் வாசனை, ஏரிப்பக்கம் போனால் தண்ணீரின் வாசனை எல்லாம் முகத்துக்கே வரும். ஏசி போட்ட எந்தக் காரும் எனக்கு இதைக் கொடுத்ததில்லை.

சரி, என்ஜின் சூட்டுக்கு வருகிறேன்.

ஃபிளாட்ஹெட் கொதிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று பாதிப் பேர் சொல்வதில்லை. இந்த என்ஜினில் வால்வுகள் மேல் மூடியான ஹெட்டில் இல்லை. சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பான பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில், இரண்டு வரிசைக்கும் நடுப்பள்ளத்தை ஒட்டி நிற்கின்றன. ஆனால் புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருப்பது வெளிப்பக்கம். ஆக எரிந்த வாயு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போக வேண்டும். அது போகிற வழி பிளாக்குக்குள்ளேயே, சிலிண்டர்களை ஒட்டி, தண்ணீர் ஓடும் அறையைக் குறுக்கே கடந்து போகிறது. வெளியே கொட்ட வேண்டிய சூட்டில் ஒரு பங்கைக் கூலன்ட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறும். அதிலும் ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் இருக்க, வாசல் மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த நடு வாசலைச் சுற்றித்தான் பிளாக் மிக அதிகமாகச் சூடாகும்.

இதைக் குறையாக மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. எட்டு சிலிண்டரையும் கிராங்க்கேஸையும் ஒரே வார்ப்பாக ஊற்றியதால்தான் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் வி8 கிடைத்தது. 1932-இல் ரோட்ஸ்டர் 460 டாலர். அந்த என்ஜினின் ஆரம்ப வடிவமைப்பு, ஃபோர்டு டியர்போர்னுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்திருந்த எடிசனின் ஃபோர்ட் மையர்ஸ் ஆய்வகக் கட்டடத்தில் ரகசியமாக நடந்தது. அந்தக் கட்டடம் இன்றும் அங்குள்ள கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து பக்கம்தான். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் எனக்கு மரியாதைதான் வருகிறது. அத்தனை சிக்கலான ஒன்றை ஒரே வார்ப்பில் இறக்கிக் காட்டியவர்கள் அவர்கள்.

ஆனால் அந்தச் சிக்கலான வார்ப்புக்கு மணல் அச்சு வேண்டும். அந்த மணல் முழுவதும் வெளியே வராது. என் பிளாக்கை உள்ளூர் மெஷின் ஷாப் ஒன்றில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னேன். காரத் தொட்டியில் முக்கி எடுத்து, "புதுசு மாதிரி இருக்கு" என்று பில் போட்டுக் கொடுத்தார்கள். காசு வாங்கினார்கள். கார் ஓடத் தொடங்கிய முதல் கோடையிலேயே ரேடியேட்டர் அடைக்க ஆரம்பித்தது. மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேருகிற இடத்தில் நைலான் ஸ்டாக்கிங் துணியைச் சொருகி ஓட்டிப் பார்த்தேன். இது பழைய ஆட்கள் எல்லாரும் செய்யும் வேலை. திரும்பி வந்து கழற்றினால் துருவோடு வார்ப்பு மணலும் கைநிறைய. புதுத் துரு என்றால் ஒத்துக்கொள்வேன். மணல் என்பது அவர்கள் பிளாக்கின் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஃபிளாட்ஹெட்னா அப்படித்தான் சார்" என்கிற பாணியில் பதில். இந்த என்ஜினைப் பற்றி எனக்கு எரிச்சல் தருவதில் பாதி இந்த பதில்தான். வேலையைச் சரியாகச் செய்யாதவர் எல்லாருக்கும் 1932 காலத்து வரைபடம் ஒரு சாக்கு.

அதன்பிறகு பிளாக்கை மறுபடி வெறுமையாக்கி, பம்ப் உட்காரும் துளைகள் வழியாகக் கம்பியும் எஃகு வடமும் விட்டுச் சுரண்டி, தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி, வெளியே வரும் தண்ணீர் தெளிவாகும்வரை நானே உட்கார்ந்து செய்தேன். சாலையில் போகும்போது வெப்பம் காட்டும் ஊசி 180 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதே இல்லை இப்போது. நான்கு பவுண்டு அழுத்த மூடி போட்ட ரேடியேட்டர், ஆறு இறக்கை ஃபேன், அதைச் சுற்றிக் காற்றைக் குவிக்கும் ஷ்ரௌட், இக்னிஷன் டைமிங் துல்லியமாக. இவ்வளவும் செய்தால் ஓடுகிற காரில் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நிற்கிற காரில்தான் பிரச்சினை. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்டு டிரீம் குரூஸ். ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை வுட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். 1995-இல் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் ஹாட் ராட் வைத்திருப்பவருக்கு அன்றைக்குப் போகாமல் இருப்பது முடியாத காரியம். வெயில், முன்னால் நகராத வரிசை, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. ஊசி 200-ஐத் தொடும், 210-ஐத் தாண்டும். பக்கத்து வரிசையில் நிற்கும் குழந்தைகள் கையசைப்பார்கள், நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் குழந்தைகளுக்கு ஒழுங்காகக் கையசைக்க முடியாமல் போவதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. இவ்வளவு உழைத்துக் கட்டிய காரில், அதற்கென்றே உள்ள ஒரு நாளில், ஆற அமர உட்கார முடியவில்லை.

சூட்டோடு சேர்ந்தது பெட்ரோல் கோளாறு. ஃபிளாட்ஹெட்டில் பெட்ரோல் பம்ப் என்ஜினின் மேலேயே, பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். கீழிருந்து வரும் சூடு முழுவதும் அதற்குத்தான். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும். சூடான என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்தால், குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவிதான் இருக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் படகுத் துறைகளில் கிடைக்கிறது, விலை அதிகம். கோடையில் அதைத்தான் போடுகிறேன், பெரும்பாலும் சரியாகிவிட்டது.

அப்புறம் அந்த வாட்டர் பம்ப். இரண்டு பம்ப், பக்கத்துக்கு ஒன்று. 1936 வரை அவை ஹெட்டின் மேலே இருந்து சுடுதண்ணீரை வெளியே இழுத்தன. 37-இலிருந்து பிளாக்குக்கு இறக்கி, ஆறிய தண்ணீரை உள்ளே தள்ளும்படி மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அதே பம்புகளின் தலையில் என்ஜினின் முன்பக்க எடையையும் ஏற்றிவிட்டார்கள். என்ஜினைத் தாங்கும் மவுன்ட் உட்காருவது பம்பின் மேல். ஒரு பம்பின் சீல் கசிந்தால், ஆயில் பேனுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியில் என்ஜினைத் தாங்கிப் பிடித்துவிட்டுத்தான் அதைக் கழற்ற முடியும். போல்ட்டுகளில் ஒன்று ஹோஸ் மாட்டும் வாய்க்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. அது தெரியாதவர்கள் எல்லா போல்ட்டையும் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துப் பம்பை நெம்பி உடைத்திருக்கிறார்கள். சாதாரணக் காரில் மதியத்துக்குள் முடிகிற வேலை இதில் இரண்டு நாள் இழுக்கும். ரீபில்டு, அதாவது பழையதைச் சரிசெய்து புதுப்பித்தது, என்று விற்கிற பம்புகளின் தரமோ ஆளுக்கு ஆள் வேறு. போன வாரம் நான் கழற்றியது பழைய பம்பு அல்ல, அந்த மாதிரி "ரீபில்டு" வகையறாதான்.

இவ்வளவு ஏன், ஒரு ஸ்மால் பிளாக் செவ்ரலே வி8 தூக்கிப் போட்டுவிடேன் என்று கேட்காதவர் இல்லை. தப்பான யோசனை இல்லை. 1955-இல் அந்த என்ஜின் வந்த பிறகு ஹாட் ராட் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. எடை குறைவு, சக்தி அதிகம், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், வுட்வர்டில் நாள் முழுக்க நின்றாலும் ஊசி அசையாது. என் நண்பர்கள் வைத்திருக்கிறார்கள், நானும் ஓட்டியிருக்கிறேன். குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்தச் சத்தம் வராது. ஃபிளாட்ஹெட்டின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. கரகரப்பும் இல்லாமல் உறுமலும் இல்லாமல், அடித்தொண்டையில் முணுமுணுத்துக்கொண்டே வரும். இரண்டாவது கியரில் கால் எடுத்தால் பைப்பில் மெல்லிய பொரிச்சல். அந்தத் தாளம் வருவது எங்கிருந்து? நடுவில் உள்ள இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலில் மூச்சு விடுவதிலிருந்துதான். என் ரேடியேட்டரைக் கொதிக்கவைக்கிற அதே நடு வாசல். இதைப் புரிந்துகொண்டதிலிருந்து என்னால் இந்த என்ஜினை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. சூட்டை வெட்டி எறிந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவை.

அக்டோபரில், இலை நிறம் மாறும் நாட்களில், காலியான கிராமத்துச் சாலையில் இந்தக் காரை ஓட்டுவதைவிட நல்ல விஷயம் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. 45, 50 மைல் வேகத்தில் ஊசி 175-இல் அப்படியே நிற்கும், முன் ஸ்பிரிங் பட்டை சாலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் இருக்கைக்குச் சொல்லும், கியர் வெண்ணெயாய் விழும். அந்த நேரத்தில் யார் கேட்டாலும் "உடனே வாங்குங்க" என்பேன்.

ஆனால் நண்பர் கேட்டது இப்போது. அவர் இருப்பது டல்லாஸ். நான்கு மாதம் வெயில் கொளுத்துகிற ஊர், எந்தப் பக்கம் திரும்பினாலும் சிக்னல். என் பதில்: வாங்காதீர்கள். அந்த பாடி நன்றாக இருக்கிறது, படத்திலேயே கதவு இடைவெளி அழகாகத் தெரிகிறது, விலையும் நியாயம்தான். இருந்தாலும் வாங்காதீர்கள். என்னுடையதை விற்பேனா என்றும் கேட்டிருந்தார். விற்கமாட்டேன்.

இதையும் மீறி வாங்குவதாக இருந்தால், இரண்டு வேலை. சேஸிஸின் இடது நீளச் சட்டத்தின் (ரெயில்) மேல் பரப்பில் எண் அடித்திருப்பார்கள். வி8 என்றால் 18 என்று தொடங்கும். பாடியை ஏற்றிய பிறகு சில இடங்களில் அது மறைந்துவிடும், அதனால் இப்போதே தேடிப் பார்த்து, காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலோடு ஒப்பிட்டுவிடுங்கள். அடுத்து, ஸ்டாண்டில் நிற்கும் அந்த பிளாக். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரைக்கும், ஹெட் போல்ட் துளையிலிருந்து தண்ணீர் அறை வரைக்கும் விரிசல் விடுவது இதில் சகஜம். கண்ணுக்குத் தெரியாது. பணம் கொடுக்கும் முன் காந்தத் தூள் சோதனையும் அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த என்ஜினுக்கு ஒரு காசும் வைக்காமல் பாடிக்கும் சேஸிஸுக்கும் மட்டும் விலை பேசுங்கள்.