கேட்டர்ஹாம் கிட்டா, கையால் கட்டிய சேஸிஸா?

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் என் கராஜில் நிற்பது நானே இரும்புக் குழாய் அறுத்து, வெல்டிங் செய்து கட்டிய கார். இரண்டு தெரு தள்ளி நண்பர் வீட்டில் நிற்பது, பெட்டி பெட்டியாக வந்திறங்கிய கேட்டர்ஹாம் செவன் 170 கிட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து பூட்டியது. இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்று: 1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். திடமான கதவு கிடையாது, கூரை பெயருக்கு ஒரு துணி, முன்சக்கரங்கள் உடலுக்கு வெளியே. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எது மலிவு என்றுதான். அந்தக் கணக்கை மட்டும் நம்பித் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்ட வண்டிகள் இங்கே எப்போதும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அதனால் இரண்டையும் கையால் தொட்டவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிட். 1950களிலும் 60களிலும் பிரிட்டனில் முழுக் கார் வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. செவன் அந்தச் சந்தில் பிழைத்து வளர்ந்த கார். 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை போய்விட்டது. அதே ஆண்டில் லோட்டஸிடமிருந்து அந்த வடிவத்தின் உரிமையை கேட்டர்ஹாம் வாங்கியது. வரிச் சலுகை போய் அரை நூற்றாண்டு ஆகியும் மக்கள் இன்னும் கிட் வாங்குகிறார்கள் என்றால், பூட்டும் வேலையே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்று பொருள்.

170 அந்த வரிசையில் மிகச் சிறியது. 660 சிசி சுஸுகி டர்போ இஞ்சின், மூன்று சிலிண்டர், 84 குதிரைத்திறன், எடை 440 கிலோ. ஜப்பானில் மிகச் சிறிய கார்களுக்கென உள்ள ‘கே கார்’ விதிக்குள் அடங்கும் அளவுக்குக் குறுகலானது. 2021இல் அறிமுகமானபோது கிட் விலை ஏறத்தாழ 23,000 பவுண்டில் தொடங்கியது. இப்போது அதற்கும் மேல். சேஸிஸில், அதாவது காரின் எலும்புக்கூடான சட்டத்தில், அலுமினியத் தகடு ஏற்கெனவே அடித்திருக்கும். பிரேக் குழாய்களும் வயரிங்கும் ஓடவிட்டிருக்கும். நமக்கு மிஞ்சுவது சஸ்பென்ஷன், இஞ்சின், கியர்பாக்ஸ், பின்அச்சு, விளக்குகள், இருக்கைகள். இஞ்சினை இறக்கும் நாள்தான் உண்மையான பரீட்சை. கியர்பாக்ஸோடு சேர்த்துச் சாய்த்து, பெயின்ட் உரசாமல், விரலளவு இடைவெளியில் நழுவவிட வேண்டும். அதற்கு இரண்டு பேர் கட்டாயம். மற்ற வேலைகளை ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த, குறித்த அளவுக்கே போல்ட்டை இறுக்கும் டார்க் ரென்ச்சை மதிக்கத் தெரிந்த எவரும் பொறுமையாகச் செய்யலாம்.

எனக்கு அந்தக் கிட் மிகவும் பிடித்திருந்தது. துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. மூட்டுக்குள் போகும் உறையான ஒரு புஷ்ஷைத் தள்ளினால் போய் உட்காருகிறது. கோயம்புத்தூரில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால், துளை பொருந்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கிட்டில் நாம் பணம் கொடுத்து வாங்குவது பிறர் முன்பே எடுத்து, ஓட்டிப் பார்த்து, திருத்தி வைத்த முடிவுகளை. பின்அச்சு எங்கே, பெடல் எவ்வளவு தூரத்தில், பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் என்று யோசித்து இரவில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இனி என் வழி. 1996இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு நூல் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உள்ளுறுப்புகளை எடுத்து, வீட்டில் வெல்டிங் செய்த சேஸிஸில் பொருத்துவது அவர் சொன்ன முறை. இப்படிக் குறைந்த செலவில் கட்டும் கார்களுக்கு லோகாஸ்ட் என்ற பெயரே அதிலிருந்து பரவியது. அந்த 250 பவுண்டை இன்று மறந்துவிட வேண்டும். பழைய பின்சக்கர இயக்க எஸ்கார்ட்டுகள் இப்போது சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் பொருள். அவற்றை உடைப்பது பாவம். நூலின் வரைபடங்களில் அளவுப் பிழைகள் சில உண்டு என்பதும் கட்டுபவர்கள் அறிந்ததே, திருத்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குழாய் அறுக்க வேண்டும். ஆனால் அதன் அடிப்படை இன்றும் நிற்கிறது: 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் சுவர், முக்கோணங்களாக இழுத்துக் கட்டிய கூடு.

குழாய் விலை அற்பம். விலை உயர்ந்தது சமதளம். தடித்த பலகையை ரசமட்டம் வைத்துத் தரையில் நிறுத்தி, அதன் மேல் அடிச்சட்டத்தை முழு அளவில் வரைந்து, குழாய்களை மரக்கட்டைகளால் இறுக்கிய பிறகுதான் வெல்டரை எடுக்க வேண்டும். முதலில் எல்லா மூலைகளிலும் சிறு பொட்டுகள் மட்டும். பிறகு குறுக்கு மூலைகளை அளந்து, இரண்டும் ஒன்று என்று உறுதியானதும் முழு வெல்டிங். ஒரு மூலையை ஒரே மூச்சில் முடித்தால் சூட்டில் குழாய் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளுக்கு மாறி மாறிப் போக வேண்டும். மூலைமட்டத்தை நான் கையிலிருந்து கீழே வைத்ததே இல்லை. இந்த வேலையில் கிடைக்கும் நிறைவை எந்தக் கிட்டும் தராது. இரும்பு கடையில் கிடந்த குழாய், கண் முன்னால் காராக உருவெடுக்கிறது.

உறுப்புகளுக்கு நான் எடுத்தது மஸ்தா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இங்கே குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு போடுவதால் அந்தக் காரின் அடிப்பக்க ஓரங்களும் பின்சக்கர வளைவுகளும் துருப்பிடித்து விழுந்துவிடுகின்றன. இஞ்சினோ இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அதனால் மலிவாகக் கிடைக்கிறது. இஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், பிரேக், ஸ்டியரிங் ரேக், வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எம்எக்ஸ்-5இன் கியர்பாக்ஸுக்குத் தனியான தாங்கி இல்லை. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது; அதுவே கியர்பாக்ஸைத் தாங்குகிறது. செவன் வடிவத்தில் அந்தச் சட்டம் போய்விட்டால், கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் புதிய பிடிப்புகளை நாமே வடிவமைக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பல்லர் ஷாஃப்டையும் குறுக்கி, சமநிலை பார்க்கத் தகுந்த பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்.

கையால் கட்டுவதற்கு நான் வைக்கும் எல்லை சஸ்பென்ஷன். முன்சக்கரங்களைத் தாங்கும் விஷ்போன்களை அச்சு வைத்துச் செய்யும் பட்டறையிலிருந்து வாங்குவதே நல்லது. உயிர் அங்கேதான் தொங்குகிறது. ஸ்டியரிங் ரேக் இருக்கும் உயரமும் விஷ்போன் அச்சுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால், மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கார் தானாகத் திரும்பப் பார்க்கும். மூக்கையும் மட்கார்டுகளையும் கூடக் கண்ணாடியிழையில் வார்த்து விற்கிறார்கள். நான் ஆர்டர் செய்த இடத்தில் பல மாதம் இழுத்தடித்தார்கள், அதையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சேஸிஸ் மலிவு. டயர், ரிம், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர், இருக்கை பெல்ட், கண்ணாடிகள், நூற்றுக்கணக்கான தரமான போல்ட்டுகள் ஆகியவைதான் பையைக் காலி செய்கின்றன. அப்படியும் என் கார் கேட்டர்ஹாமின் விலையில் சிறு பங்குதான். ஆனால் விற்கப் போனால் நிலைமை தலைகீழ். கேட்டர்ஹாம் தன் மதிப்பை நன்றாகவே தக்கவைத்துக்கொள்கிறது. பழைய பாகங்களின் பிறப்பை நிறுவ முடியாத வண்டிக்கு இங்கே க்யூ எழுத்தில் தொடங்கும் பதிவெண் தருகிறார்கள். அந்த எழுத்தைப் பார்த்ததும் வாங்க வந்தவர் விலையைக் குறைப்பார். புதிய பாகங்களால் ஆன கிட்டுக்கு அந்த ஆண்டின் புதிய எண்ணே கிடைக்கும்.

இரண்டு கார்களும் ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனையைத் தாண்டித்தான் சாலைக்கு வர முடியும். 2009 முதல் இதுதான் முறை. வெளிப்பக்கத்தில் 100 மில்லிமீட்டர் உருண்டை தொடும் விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். சஸ்பென்ஷன் நட்டுகளின் தலைக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போடுவது இதற்காகத்தான். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. திருப்பிய ஸ்டியரிங்கை விட்டால் தானே நேருக்குத் திரும்பி வர வேண்டும். முன்சக்கரங்களில் பாரம் குறைந்த இந்த வகைக் கார்களுக்கு இது பெரும் தலைவலி. காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, கூட்ட இடம் வைத்து விஷ்போன் வாங்கினால் பிழைக்கலாம். ஆர்வலரே கட்டியது என்பதற்குப் படங்களும் ரசீதுகளும் காட்ட வேண்டும். கிட்டில் இந்தத் தேர்வின் பெரும்பகுதியை நிறுவனம் நமக்காக முன்பே எழுதிவிட்டது. கையால் கட்டியதில் ஒவ்வொரு விளிம்பையும் நாமே அரம் வைத்துத் தேய்த்து விடை எழுத வேண்டும். நான் அதை மனதார விரும்பிச் செய்தேன்.

ஓட்டுவதில்? எம்எக்ஸ்-5இன் 1.8 லிட்டர் இஞ்சின் சுமார் 130 குதிரைத்திறன். தன் சொந்த உடலில் ஒரு டன் எடையை இழுத்தது, என் காரில் 600 கிலோவை இழுக்கிறது. கணக்குப்படி 170ஐவிட டன்னுக்குக் கூடுதல் சக்தி. ஆனாலும் கிராமப்புற வளைவுகளில் 170 எனக்கு அதிக இன்பம் தருகிறது. மெல்லிய டயர், குறுகிய உடல், கையில் வந்து பேசும் ஸ்டியரிங். வேகம் குறைவாக இருக்கும்போதே காரின் முழுத் திறமையையும் அனுபவிக்கலாம். செவன் வடிவத்தை அறுபது ஆண்டுக்கும் மேலாகத் திருத்திவந்த அனுபவம் அதில் தெரிகிறது. என் கார் முரட்டுத்தனமானது. நேர்ச்சாலையில் சீறும்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி, மாதிரி வண்டி புனேயில் உள்ள வாகன ஆய்வு அமைப்பான ஏஆர்ஏஐ போன்றவற்றிடம் சோதனை தேற வேண்டும். அது தொழிற்சாலைகளை மனத்தில் வைத்த ஏற்பாடு. வீட்டில் ஒரே ஒரு கார் கட்டுபவருக்கு ஐவிஏ போல எளிய வாசல் அங்கே இல்லை. கல்லூரியில் படிப்பவர்கள் மாணவர்கள் கரடுமுரடான பாதைக்கான வண்டி கட்டிப் போட்டியிடும் எஸ்ஏஇ பாஜா அணியில் சேர்ந்து குழாய்ச் சேஸிஸ் கட்டலாம். அருமையான பயிற்சி.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. ஓட்டத்தான் ஆசை என்றால், பணமும் இருந்தால், கேட்டர்ஹாம் கிட்டைத் தயங்காமல் வாங்குங்கள். வெல்டிங் தெரிந்து, அதில் மனம் லயிப்பவர் மட்டும் குழாயிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்களுக்கு அது மூன்று குளிர்காலத்தைத் தின்றுவிட்டுப் பாதியில் நிற்கும். இடைவழியும் உண்டு: எம்இவி நிறுவனத்தின் எக்ஸோசெட், கிரேட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ஸ் நிறுவனத்தின் ஜீரோ போல, எம்எக்ஸ்-5இன் பாகங்களை ஏற்கும் ஆயத்த சேஸிஸ். பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். அப்படி வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதே சேஸிஸில் கட்டிய கார் ஐவிஏ தேறியிருக்கிறதா, அந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாமா, கியர்பாக்ஸ் தாங்கி விலையில் சேர்த்தியா. மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் முன்பணம் கொடுங்கள்.